நோரா அவுனோர்: பிலிப்பைன்ஸின் 'சூப்பர்ஸ்டார்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த நோரா அவுனோர்?

பிலிப்பைன்ஸ் சினிமாவில் 'சூப்பர்ஸ்டார்' என்று அடைமொழி இல்லாமல் சொன்னால் அது இவரைத்தான் குறிக்கும். 1953 மே 21-இல் பிறந்து 2025 ஏப்ரல் 16-இல் காலமானார். பாடகியாக வந்து, 170-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, தயாரிப்பாளராகவும் இருந்தார். ரசிகர்களுக்கு அவர் 'கய்'. வயது ஏற ஏற, அக்கா என்ற மரியாதையோடு 'ஆத்தே கய்'. ரசிகர்களின் பெயர் நோரானியர்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பெயரோடு சங்கம் வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு.

ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்றார் என்பது விளம்பரத்துக்காகக் கட்டிய கதையா?

இல்லை. லூசோன் தீவின் தென்கோடியில் பிகோல் பகுதி. அங்கே கமரினெஸ் சூர் மாகாணத்தில் இரிகா என்ற ஊர். மணிலாவிலிருந்து வரும் ரயில் அங்கே நிற்கும்போது பயணிகளுக்குக் குடிதண்ணீர் விற்ற பிள்ளைகளில் நோராவும் ஒருவர். பெரிய குடும்பம், சொற்ப வருமானம். இந்தக் கதையை ஸ்டுடியோக்கள் பின்னாளில் நன்றாகவே காசாக்கின. அதனால்தான் பலருக்கும் சந்தேகம் வருகிறது.

அவுனோர் என்பது பிறப்புப் பெயரா?

பிறப்புப் பெயர் நோரா கபல்தேரா வில்லமயோர். அவுனோர் என்பது அவரைப் பாட்டுப் போட்டிகளுக்குத் தயார்செய்த அத்தை வீட்டுக் குடும்பப் பெயர். பழைய ஆவணங்களில் தேடுபவர்கள் வில்லமயோர் என்ற பெயரிலும் தேட வேண்டும்.

பாடகி எப்படி நடிகையானார்?

முதலில் உள்ளூர் வானொலிப் போட்டிகள். பிறகு 'தாவாக் நக் தங்ஹாலன்' என்ற தேசியப் பாட்டுப் போட்டி. முதல் முயற்சியில் தோற்றார். திரும்பி வந்தபோது 14 வாரங்கள் தொடர்ந்து யாராலும் தோற்கடிக்க முடியாத வாராந்திர வெற்றியாளராக இருந்து தேசியப் பட்டத்தை வென்றார்.

1967-இல் சம்பகீதா பிக்சர்ஸ் எட்டுப் படங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. ஆனால் கிடைத்தவை ஓரத்து வேடங்கள், நடுவில் ஒரு பாட்டு, அவ்வளவுதான். அவரை நாயகியாக்கியது டவர் புரொடக்‌ஷன்ஸ் என்ற சிறிய நிறுவனம், 1969-இல். வாலிபர்கள் ஆடிப் பாடும் மலிவு பட்ஜெட் படங்கள் அவை. வேகமாக எடுத்தார்கள், வேகமாக வெளியிட்டார்கள், கூட்டம் அலைமோதியது. கதை என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவருடைய தோற்றத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அதுவரை பிலிப்பைன்ஸ் திரையில் நாயகி என்றால் ஸ்பானிய அல்லது அமெரிக்கக் கலப்பில் வந்த வெளுத்த தோலும் கூரிய மூக்கும் உயரமும் உள்ளவர். ஸ்டுடியோக்கள் அந்த அச்சிலேயே ஆள் எடுத்தன. நோராவோ குள்ளம், மாநிறம், பார்த்தால் பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண் போலிருப்பார். சம்பகீதா அவரை ஓரமாக வைத்திருந்ததற்கும் டவர் படங்கள் ஓடியதற்கும் காரணம் இதுவேதான். வீட்டு வேலை செய்தவர்களும் தொழிற்சாலைப் பெண்களும் சந்தைக் கடைக்காரிகளும் முதன்முறையாகத் தங்கள் சாயலைத் திரையில் கண்டார்கள். டிக்கெட் வாங்கிய கூட்டம் அதுதான்.

இதை 'அழகில்லாதவர் ஜெயித்த கதை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது அபத்தம். அவர் கண்களை அண்மைக் காட்சியில் ஒருமுறை பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

'கய்–பிப்' என்றால் என்ன? பொம்மைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கய் என்பது நோரா, பிப் என்பது பாடகர்-நடிகர் திர்சோ க்ரூஸ். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாட்டையே ஆட்டிவைத்த திரை ஜோடி. திர்சோ நோராவுக்கு ஒரு பெரிய பொம்மையைப் பரிசளித்தார். அதற்கு மரியா லியோனோரா தெரேசா என்று பெயர் வைத்தார்கள். ரசிகர்கள் அந்தப் பொம்மையை ஜோடியின் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். வில்மா சாந்தோஸ்–எட்கர் மோர்டிஸ் என்ற இன்னொரு திரை ஜோடி எதிர்முகாம். இரு தரப்பு ரசிகர்களுக்கும் ஆகவே ஆகாது.

பாட்டிலிருந்து தீவிரமான சினிமாவுக்கு எப்படி வந்தார்?

சொந்தப் பணத்தில். அவர் வாழ்க்கையில் அதிகம் கவனிக்கப்படாமல் போன பகுதி இது.

இசைத்தட்டு, தொலைக்காட்சி, ஆடல்பாடல் படங்கள் என மூன்று பக்கமும் வருமானம் கொட்டிய நேரத்தில், 1973 வாக்கில், தன் இயற்பெயரின் முதலெழுத்துகளை வைத்து என்.வி. புரொடக்‌ஷன்ஸைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபதுதான். அந்த வயதில் எந்த நட்சத்திரமும் செய்யத் துணியாத காரியங்களைச் செய்தார். பழைய தலைமுறையின் மாபெரும் இயக்குநர் ஹெரார்தோ தெ லியோனை வைத்து 'பனாவே' எடுத்தார். 1975-இல் வந்த அந்தப் படமே தெ லியோன் முடித்த கடைசிப் படம். அடுத்த ஆண்டு இயக்குநர் மரியோ ஓ'ஹாராவுக்கு 'தத்லோங் தாவோங் வலாங் தியோஸ்' படத்துக்குப் பணம் போட்டார். கடவுள் இல்லாத மூன்று ஆண்டுகள் என்று பொருள். ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது ஒரு பள்ளி ஆசிரியை ஜப்பானிய ராணுவ அதிகாரியால் வன்புணரப்பட்டு, பிறகு அவனோடே வாழ நேர்கிற கதை. போரில் பாதிக்கப்பட்ட தலைமுறை உயிரோடிருந்த நாட்டில் அந்த அதிகாரியை மனிதனாகக் காட்டுவது சாதாரண துணிச்சல் அல்ல.

1980-இல் இயக்குநர் லினோ ப்ரோக்காவின் 'போனா'வும் என்.வி. தயாரிப்புதான். இந்தப் படங்களை அன்றைய வேறு எந்தத் தயாரிப்பாளரிடம் கொண்டுபோயிருந்தாலும், பாட்டு எங்கே, ஜோடி எங்கே என்றுதான் கேட்டிருப்பார். வணிகப் படங்களில் சம்பாதித்ததை இப்படிப்பட்ட படங்களில் விட்டார். அதனால் பணக் கஷ்டமும் பின்னாலேயே வந்தது. நல்ல நடிகை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பிலிப்பைன்ஸ் சினிமாவின் பொற்காலத்துக்கு முதலீடு போட்டவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

பெரும்பாலானோர் நேராக 'ஹிமாலா'வுக்குப் போகிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. 'ஹிமாலா'வில் நோரா படத்தின் பெரும்பகுதி பேசாமல் இருப்பார். அவருடைய மற்ற நடிப்பைப் பார்க்காதவருக்கு, இந்த அம்மா ஒன்றுமே செய்யவில்லையே என்று தோன்றும். அதனால் இந்த வரிசை நல்லது.

முதலில் 'போனா' (1980). ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நல்ல பிரதியும் இருக்கிறது. அடுத்து 'மின்சாய் இசாங் கமு-கமோ' (1976). அமெரிக்க விமானப்படைத் தளத்தை ஒட்டிய ஊரில், அமெரிக்கா போகத் துடிக்கும் ஒரு நர்ஸ். அவள் தம்பியை அமெரிக்கச் சிப்பாய் சுட்டுவிட்டு, காட்டுப்பன்றி என்று நினைத்தேன் என்கிறான். என் தம்பி பன்றியில்லை என்று அவள் அலறும் இடம் பிலிப்பைன்ஸில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும், கேலிக்காகச் சொல்லிச் சொல்லியே தேய்ந்தும் போனது. படத்தின் ஓட்டத்தில் பார்க்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது. மூன்றாவது 'ஹிமாலா' (1982). நான்காவது 'தத்லோங் தாவோங்'. கடைசியில் 'தை வூம்' (2012). 'தத்லோங் தாவோங்'கில் நோராவின் காதலனாக வந்த பெம்போல் ரோக்கோ, 36 ஆண்டுகள் கழித்து 'தை வூம்'இல் கணவனாக வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு.

'தத்லோங் தாவோங்', 'ஹிமாலா' இரண்டிலும் பாலியல் வன்முறை கதையின் மையம். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படங்கள் அல்ல.

'ஹிமாலா'வில் அப்படி என்ன இருக்கிறது?

குபாங் என்ற கற்பனை ஊர். மழையில்லை, ஊர் சபிக்கப்பட்டது என்ற நம்பிக்கை. சூரிய கிரகணத்தன்று எல்சா என்ற பெண், குன்றின் மேல் மாதாவைக் கண்டதாகச் சொல்கிறாள். நோய் தீர்க்கிறாள் என்று பேச்சு பரவுகிறது. யாத்ரீகர்கள் வருகிறார்கள். அவர்கள் பின்னாலேயே படம் போட்ட சட்டையும் மந்திரித்த தண்ணீரும் விற்பவர்கள் வருகிறார்கள், அவர்களுக்கும் பின்னால் விபசார விடுதி வருகிறது, ஆவணப்படக்காரன் ஒருவனும் வந்து சேர்கிறான்.

திரைக்கதை ரிக்கி லீ, இயக்கம் இஷ்மாயெல் பெர்னால். 1960களில் காப்ரா என்ற தீவில் பிள்ளைகள் மாதாவைக் கண்டதாகச் சொன்ன நிகழ்ச்சியிலிருந்து கரு பிறந்தது. படப்பிடிப்பு இலோகோஸ் நோர்தே மாகாணத்தில், பாவாய் பக்கத்து மணல்வெளியில் நடந்தது. கடைசிக் காட்சியின் கூட்டம் ஒட்டுவேலை அல்ல. சுமார் 3,000 துணை நடிகர்கள்.

அந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது குரல். ஒலிபெருக்கியின் முன் நின்று 'வலாங் ஹிமாலா' என்கிறாள் எல்சா. அற்புதம் என்று எதுவும் இல்லை, அது மனித மனத்தில்தான் இருக்கிறது, சாபங்களையும் கடவுள்களையும் நாமே உண்டாக்குகிறோம் என்று பேச்சு போகிறது. படம் முழுக்கத் தாழ்ந்து, கிட்டத்தட்ட உள்ளுக்குள்ளேயே பேசிய பெண்ணிடமிருந்து அந்தக் குரல் வெடிக்கிறது. முந்தைய அமைதி எதற்கு என்பது அப்போதுதான் விளங்கும். இந்தப் பேச்சை மட்டும் தனித் துணுக்காகப் பார்த்துவிட்டு, மேடைப் பிரசங்கம் போலிருக்கிறது என்பவர்கள் இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கண்மூடித்தனமான நம்பிக்கையைத் தோலுரிக்கும் இந்தப் படத்துக்குப் பணம் போட்டது அன்றைய அதிபர் மார்கோஸ் அரசின் திரைப்பட அமைப்பு.

'ஹிமாலா'வுக்கு அவருக்கு எல்லா விருதும் கிடைத்திருக்குமே?

இல்லை. மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. படம் 1983-இல் பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவுக்கும் போனது. ஆனால் அந்த ஆண்டின் திரைத்துறை விருதான ஃபமாஸ், விமர்சகர்கள் தரும் உரியான் இரண்டையும் வென்றவர் வில்மா சாந்தோஸ், 'ரெலாஸ்யோன்' படத்துக்காக. அதை இயக்கியவரும் பெர்னால்தான்! 2008-இல் சிஎன்என் நடத்திய பார்வையாளர் வாக்கெடுப்பில் ஆசிய-பசிபிக் பகுதியின் தலைசிறந்த படமாக 'ஹிமாலா' வந்தது.

விருது ஆண்டுகள் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கின்றனவே?

ஒரு படம் 1976-இல் வந்தால் அதற்கான ஃபமாஸ், உரியான் விருதுகளை 1977-இல் கொடுப்பார்கள். ஒருவர் படத்தின் ஆண்டைப் போடுவார், மற்றொருவர் விழாவின் ஆண்டைப் போடுவார். மெட்ரோ மணிலா விழா கிறிஸ்துமஸை ஒட்டி நடப்பதால் படமும் விருதும் ஒரே ஆண்டில் வந்துவிடும். இந்த இரண்டு கணக்கையும் கலந்தால் ஒரே விருது இரண்டாகிவிடும். பட்டியல் தயாரிப்பவர்கள் ஆண்டை வைத்து எண்ணாமல், படத்தின் பெயரையும் விருது வழங்கிய அமைப்பையும் வைத்து எண்ணுவது பாதுகாப்பு.

ஃபமாஸில் சிறந்த நடிகை விருதை ஐந்து முறை வென்று அதன் புகழரங்கில் இடம்பிடித்தார். உரியான் விருதின் முதல் சிறந்த நடிகையும் அவரே, 'தத்லோங் தாவோங்'குக்காக.

'போனா' எதைப் பற்றியது? ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறீர்கள்?

நடுத்தர வர்க்கத்துப் பெண் போனா, கார்தோ என்ற துணை நடிகன்மேல் பைத்தியமாகி, படிப்பையும் வீட்டையும் விட்டு சேரியில் அவன் குடிசையில் போய் வேலைக்காரி போல வாழ்கிறாள். கார்தோவாக பிலிப் சால்வதோர். மணிலாவின் கியாபோ பகுதியில், கறுப்பு நாசரேன் என்ற இயேசு சிலையின் திருவிழாக் கூட்டத்தில் படம் தொடங்குகிறது. சிலையைத் தொட முண்டியடிக்கும் பக்தர்களையும் நடிகன் பின்னால் அலையும் போனாவையும் ப்ரோக்கா ஒரே மூச்சில் காட்டிவிடுகிறார்.

நோராவின் கைகளைப் பாருங்கள். தண்ணீர் சுமப்பது, அடுப்பில் சூடாக்குவது, பச்சைத் தண்ணீர் கலந்து பதம் பார்ப்பது, அவன் முதுகைத் தேய்ப்பது. எல்லாம் வசனமில்லாத வேலை. ஒவ்வொரு முறையும் அதே வேலையில் முகம் கொஞ்சம் மாறியிருக்கும். முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. அடுப்பில் உள்ள தண்ணீரை மட்டும் மறக்க வேண்டாம்.

நாட்டிலேயே மிக வெறித்தனமான ரசிகர் கூட்டத்தை வைத்திருந்த நடிகை, ரசிக வெறி ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்ற படத்தைத் தானே தயாரித்து, அந்த ரசிகையாகத் தானே நடித்தார். இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். 1981-இல் கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்டது.

வில்மா சாந்தோஸுடன் உண்மையிலேயே பகையா?

ரசிகர்களுக்குப் பகை, பத்திரிகைகளுக்கு வியாபாரம். இருவரும் சேர்ந்து நடித்த படங்களே உண்டு. 'இகாவ் ஆய் அகின்' (1978) அவசியம் பார்க்க வேண்டியது. அதே ஆண்டு மணிலா விழாவில் ஆண், பெண் என்று பிரிக்காமல் சிறந்த நடிப்புக்கு ஒரே விருதுதான் வைத்தார்கள். வில்மாவுக்குத்தான் என்று பலரும் நினைத்திருக்க, 'அத்சாய்' படத்தில் வீட்டு வேலைக்காரியாக நடித்த நோராவுக்குப் போனது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

சிங்கப்பூர் சம்பந்தப்பட்ட படம் எது?

'த ஃப்ளோர் கொன்தெம்ப்ளாசியோன் ஸ்டோரி' (1995). சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்த ஃப்ளோர் கொன்தெம்ப்ளாசியோன், இன்னொரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணையும் ஒரு சிறுவனையும் கொன்றதாகத் தீர்ப்பாகி, 1995 மார்ச் 17-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றவாளி அல்ல என்று பிலிப்பைன்ஸில் பெருங்கொதிப்பு எழுந்தது, இரு நாடுகளும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. அதே ஆண்டிலேயே ஜோயல் லமங்கன் படத்தை எடுத்துவிட்டார். அவசரம் படத்தில் தெரிகிறது, நடிப்பில் தெரியவில்லை. கெய்ரோ விழாவில் நோரா சிறந்த நடிகை. படத்தை ஃப்ளோர் தரப்பின் வாதமாகப் பார்க்க வேண்டும், வழக்கின் ஆவணமாக அல்ல.

பாடுவதை ஏன் நிறுத்தினார்?

2010-இல் ஜப்பானில் செய்துகொண்ட அழகு சிகிச்சையின்போது குரல்நாண் பாதிக்கப்பட்டது. பேச்சுக்குரல் தேறியது, பாட்டுக்குரல் திரும்பவில்லை. 'தை வூம்'இல் அவர் பேசுவதே குறைவு. தவி-தவி தீவுகளில் படகுகளிலும் கடல்மேல் கட்டிய குடில்களிலும் வாழும் பஜாவ் மக்களின் மருத்துவச்சி ஷலேஹா. ஊருக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்ப்பவள், தனக்குப் பிள்ளையில்லாததால் கணவனுக்குத் தானே இரண்டாம் மனைவி தேடுகிறாள். அதற்காக 2013-இல் ஹாங்காங்கில் ஆசியத் திரைப்பட விருது பெற்றார்.

தேசியக் கலைஞர் விருது ஏன் தாமதமானது?

2005-இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைதானார். நீதிமன்றம் விதித்த மறுவாழ்வுத் திட்டத்தை முடித்தபின் வழக்கு தள்ளுபடியானது. 2014-இல் நாட்டின் உச்சக் கலை விருதான இதற்குக் கலாசார அமைப்புகள் பரிந்துரைத்த பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதிபர் பெனிக்னோ அக்கினோ அந்த வழக்கைக் காரணம் காட்டி நீக்கினார். 2018-லும் கிடைக்கவில்லை. பரிந்துரை கலைத்துறையினர் செய்வது, கடைசிக் கையெழுத்து அதிபருடையது. முடிச்சு விழுந்தது அங்கேதான். 2022 ஜூனில் எட்டுப் பேரில் ஒருவராக அறிவிக்கப்பட்டார், ரிக்கி லீயோடு சேர்ந்து. இரண்டாம் முறை நீக்கியபோதே அது அவருக்கு இழுக்கு என்பது போய், விருதுக்கு இழுக்கு என்றாகிவிட்டது.

குடும்பம்?

1975-இல் நடிகர் கிறிஸ்டோபர் தெ லியோனை மணந்தார், பின்னர் பிரிந்தார்கள். பெற்ற பிள்ளை ஒருவர், தத்துப்பிள்ளைகள் நால்வர்.

எப்படிக் காலமானார்?

2025 புனித வாரத்தின் புதன்கிழமை, 71 வயதில், இதய சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட மூச்சுத்திணறலால். ஏப்ரல் 22-இல் அரசு மரியாதையோடு வீரர்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நல்ல பிரதியை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் கிடைப்பதெல்லாம் மங்கலாக இருக்கிறதே?

மங்கலுக்குக் காரணம் உண்டு. ஈரப்பதமும் வெக்கையும் நிறைந்த ஊரில் குளிரூட்டாத கிடங்கில் வைத்த அசிட்டேட் ஃபிலிம் சிதைந்து, வினிகர் நெடி அடித்து, சுருங்கிப்போகும். வண்ணப் பிரதிகளில் நீலமும் பச்சையும் வெளிறி எல்லாம் சிவந்து நிற்கும். 1969–72 காலத்து டவர் படங்களில் பல இப்படித்தான் போயின. தப்பியவற்றில் சில, பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பை வீடியோ டேப்பில் பிடித்தவை. பக்கவாட்டில் வெட்டுப்பட்டு, ஓரத்தில் நிற்கும் ஆள் பாதி காணாமல் இருப்பார்.

'ஹிமாலா' தேடினால் 2012-இல் ஏபிஎஸ்-சிபிஎன் என்ற அந்நாட்டு ஊடக நிறுவனம் மீட்டெடுத்த பதிப்பா என்று பாருங்கள். வெனிஸ் விழாவில் திரையிட்டது அதுதான். மணல்வெளி பழுப்பாகவும் வானம் நீலமாகவும் தெரிந்தால் சரி. திரை முழுக்கச் செம்மை படர்ந்திருந்தால் பழைய பிரதி. 'போனா'வின் நெகட்டிவ் பல ஆண்டுகள் பிரான்ஸில் ஒரு லேபில் கிடந்ததால் தப்பியது. அதிலிருந்து எடுத்த 4கே பதிப்பு 2024-இல் கான் விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் வந்தது. அதற்கு முந்தைய பிரதிகளில் சேரிக் காட்சிகளின் இருட்டு வெறும் கரியாக இருக்கும், அடுப்படியில் நோராவின் முகமே தெரியாது.

தேடும்போது அந்நாட்டு மொழியான தகாலொக், ஆங்கிலம் இரண்டு தலைப்பிலும் தேட வேண்டும். 'மின்சாய் இசாங் கமு-கமோ' வெளிநாடுகளில் 'ஒன்ஸ் எ மாத்', 'தை வூம்' ஊரில் 'சினபுபுனான்'. ஒரே பெயரில் ஏமாற்றும் படைப்புகளும் உண்டு. 2024-இல் வந்த 'இசாங் ஹிமாலா' அதே கதையின் இசைநாடக வடிவத்திலிருந்து எடுத்த படம், அதில் எல்சா வேறொருவர். 'பிலாங்கின் அங் பிதுயின் சா லாங்கித்' என்ற பெயரில் 1989 படமும் 2020 தொலைக்காட்சித் தொடரும் இருக்கின்றன, இரண்டிலும் நோரா இருக்கிறார். ஆனால் தொடரில் அவர் தாய் வேடம். இளம் நோராவைத் தேடுகிறவர்கள் ஆண்டைப் பார்த்துவிட்டு அழுத்தவும்.